வாஷ்பேசின் வேஸ்ட் கப்ளிங் இறுகிப்போய் வரவில்லையா? பீங்கானுக்குச் சேதமில்லாமல் கழற்றும் முழு வழி

குளியலறை வாஷ்பேசினுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. அடியில் தொங்கும், கழிவுநீர் இறங்கிப் போகும் பாட்டில் ட்ராப்பைக் கழற்றி மாட்டியாகிவிட்டது, வாஷரும் மாற்றியாகிவிட்டது, சொட்டு நிற்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், பேசினின் வடிகால் துளையில் மாட்டியிருக்கும் வேஸ்ட் கப்ளிங்கைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கிறது. புது கப்ளிங் வாங்கி வந்து வைத்துவிட்டீர்கள். பழையது அசைய மறுக்கிறது.

இந்த இடத்தில்தான் நிறைய வீடுகளில் பேசின் உடைகிறது. எங்கள் வீட்டிலும் உடைந்தது. வேலைக்கு வந்தவர் நட்டு திரும்பவில்லை என்று கீழிருந்து சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டில் வடிகால் துளையிலிருந்து விளிம்பு வரை ஒரு கீறல் ஓடிவிட்டது. அதே நிறத்தில் அதே அளவு பேசின் கிடைக்காமல், அடியில் நின்ற பீடத்தையும் சேர்த்து மாற்றவேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த தடவை, மாடிக் குளியலறைப் பேசினில் இதே தொல்லை வந்தபோது நானே உட்கார்ந்து செய்தேன். ஒரு மாலையும் மறுநாள் காலையும் ஆனது. பேசினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான். நட்டு திரும்பவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், நட்டை வெட்டுங்கள். கப்ளிங் சில நூறு ரூபாய்ப் பொருள். அது எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது. காப்பாற்ற வேண்டியது பீங்கானை மட்டும்தான்.

முதலில், அங்கே என்ன இருக்கிறது?

மேலிருந்து கீழாகப் பார்ப்போம். பேசினுக்குள் கண்ணுக்குத் தெரியும் பளபளப்பான வளையம்தான் கப்ளிங்கின் தலை. அதற்குக் கீழே குழாய் போன்ற உடல், வெளிப்பக்கம் மரை, அதாவது நட்டு ஏறும் த்ரெட். தலைக்கும் பீங்கானுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கவேண்டும். பல வீடுகளில் வாஷருக்குப் பதில் வெள்ளை சிமெண்ட் இருக்கும். பேசினின் அடியில் இன்னொரு தடித்த ரப்பர் வாஷர், அதை அழுத்திப் பிடிக்கும் செக் நட். நட்டுக்குக் கீழே மிச்சமிருக்கும் மரையில் பாட்டில் ட்ராப் ஏறியிருக்கும்.

நம் ஊர்க் கடைகளில் வாஷ்பேசினுக்கு விற்கும் கப்ளிங் 32 மி.மீ. அளவு, அதாவது ஒன்றேகால் அங்குலம். இது குழாயின் பெயரளவு. மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 42 மி.மீ. இருக்கும், அதன்மேல் ஏறும் நட்டு இன்னும் பெரிது. அதனால் வீட்டில் கிடக்கும் சாதாரண ஸ்பேனர் எதுவும் இதற்குச் சேராது. வாய் நன்றாகத் திறக்கும் 14 அங்குல பைப் ரிஞ்ச் வேண்டும்.

உலோகம் எது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை நட்டில் வைத்தால் போதும். ஒட்டினால் இரும்பு நட்டு. பித்தளைக் கப்ளிங்கில் இரும்பு நட்டைப் போட்டால் இரண்டும் வேறு வேறு உலோகம் என்பதால் ஈரத்தில் இரும்பு வேகமாகத் துருப்பிடித்து மரையோடு ஒன்றாகிவிடும். அது திரும்பும் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டு நேராக வெட்டும் கட்டத்துக்குப் போகலாம். காந்தம் ஒட்டாமல், விரலால் தட்டினால் மந்தமாகச் சத்தம் வந்தால் பிளாஸ்டிக். ஒட்டாமல் கணீரென்று இருந்தால் பித்தளையோ கலப்பு உலோகமோ.

ஏன் இப்படி இறுகிக்கொள்கிறது?

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் காரணம் பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு. மரை வழியாக மெல்லக் கசியும் தண்ணீர் காய்ந்து காய்ந்து மரையின் பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. பச்சையாகத் தெரிவது பித்தளையிலுள்ள செம்பு அரித்து வந்த உப்பு. பழைய பித்தளையில் இன்னொன்றும் நடக்கும். துத்தநாகம் மட்டும் கரைந்து போய்ச் செம்பு பொருக்குப் பொருக்காக எஞ்சும். அப்படிப்பட்ட நட்டின் முலாம் உரிந்த இடம் செக்கச்செவேலென்று தெரியும். நமக்கு அது நல்லதுதான், எளிதில் விண்டுவிடும்.

மற்ற இரண்டு காரணங்கள் மனிதர்கள் செய்தவை. கசிவை நிறுத்துகிறேன் என்று நட்டைச் சுற்றி எம்-சீல் (பிசைந்து அப்பினால் கெட்டியாகும் பசை) அப்பியிருப்பது ஒன்று. தலைக்கு அடியில் வெள்ளை சிமெண்ட் போட்டிருப்பது இன்னொன்று. சிமெண்ட் போட்ட பேசினில் நட்டைக் கழற்றிய பிறகும் கப்ளிங் மேலே வராது. நட்டுதான் இன்னும் பிடித்திருக்கிறதோ என்று நினைத்து அடியில் அடிக்கத் தொடங்குவார்கள், அங்கேதான் ஆபத்து.

எடுத்து வைக்க வேண்டியவை

14 அங்குல பைப் ரிஞ்ச், நீளமான ஊசிமூக்கு பிளையர், பெரிய தட்டையான திருப்புளி, இரண்டு ஆக்சா பிளேடு (உலோகம் அறுக்கும் பிளேடு), டார்ச், பழைய பல் பிரஷ், வினிகர், துரு இளக்கும் ஸ்பிரே, ஒரு பக்கெட், பழைய துணி, சாக்கு அல்லது பழைய மெத்தை விரிப்பு. ஆக்சா பிளேடு வாங்கும்போது அங்குலத்துக்கு 24 பல் உள்ளதாகக் கேளுங்கள். பித்தளைக்கும் இரும்புக்கும் அது பொருந்தும்.

கண்ணாடி முக்கியம். மூக்குக்கண்ணாடியைச் சொல்லவில்லை, பக்கவாட்டிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. மல்லாந்து படுத்து மேலே பார்த்துச் செய்கிற வேலை இது. முதல் திருப்பிலேயே உப்புப் பொருக்கும் உலோகத் தூளும் முகத்தில்தான் விழும். பிரஷ்ஷால் தேய்க்கும்போது கன்னத்தில் பொலபொலவென்று உதிர்ந்த பச்சைத் தூளை நான் மறக்கவில்லை. கண்ணில் விழுந்திருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும்.

கூட ஒருவர் இருந்தால் பாதி வேலை குறையும். மேலே கப்ளிங்கைச் சுழலாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு அக்கா மகன் பிடித்தான்.

ட்ராப்பைக் கழற்றுதல்

பேசின் குழாய்க்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை (சுவரில் இருக்கும் சின்ன வால்வு) மூடுங்கள், பேசின் குழாயைத் திறந்து தண்ணீர் நின்றுவிட்டதா என்று பாருங்கள். பக்கெட்டை அடியில் வைத்து பாட்டில் ட்ராப்பின் கீழ்க் கிண்ணத்தைக் கையால் திருகி எடுங்கள். கறுப்புச் சேறும் முடியும் வரும், வாடை அடிக்கும். அப்புறம் கப்ளிங்கோடு சேரும் மேல் நட்டு, சுவரோடு சேரும் பக்க நட்டு. வாஷர்களை ஒரு மக்கில் போட்டு வையுங்கள். சுவரில் திறந்து நிற்கும் வேஸ்ட் லைன் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள். கரப்பான் வராது, சாக்கடை வாடையும் வராது.

ட்ராப்பின் மேல் நட்டும் இறுகியிருந்தால், அதைப் போட்டுத் திருகுவதில் கப்ளிங்கே சேர்ந்து சுழலக்கூடும். அதற்கும் கீழே சொல்லும் அதே முறைதான்.

எந்தப் பக்கம் திருப்புவது?

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் அரை மணி நேரம் இறுக்கிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. மரை சாதாரண வலது மரைதான். ஆனால் நாம் கீழே இருப்பதால் திசை குழம்புகிறது.

அடியில் படுத்து நட்டை நேராகப் பார்க்கிறீர்கள் என்றால், கடிகாரமுள் ஓடுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும். ஒரு பாட்டிலின் வாயை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதே திசை. அடியில் படுக்க இடமில்லாமல் பேசினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கையை மட்டும் உள்ளே விட்டுச் செய்கிறீர்கள் என்றால் கணக்கு வேறு. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ரிஞ்சின் கைப்பிடி உங்களை நோக்கி இருக்கட்டும். கைப்பிடியை உங்கள் இடதுபக்கமாகத் தள்ளினால் நட்டு கழலும். வேலை தொடங்கும் முன் பேசினின் அடியில் மார்க்கர் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். சோர்ந்துபோன நேரத்தில் அது உதவும்.

பைப் ரிஞ்ச் ஒரு பக்கம் இழுத்தால்தான் பிடிக்கும். வாய் திறந்திருக்கும் பக்கமாக இழுக்கும்போது பற்கள் இறுகும், மறுபக்கம் இழுத்தால் வழுக்கும். வழுக்குகிறது என்றால் ரிஞ்சைக் கவிழ்த்துப் போடுங்கள்.

ஊறவைத்தல்: ஓர் இரவு கொடுங்கள்

நேராக ரிஞ்சைப் போடாதீர்கள். முதலில் பல் பிரஷ்ஷால் நட்டின் மேலும் கீழும் உள்ள பொருக்கைத் தேய்த்து எடுங்கள். எம்-சீல் இருந்தால் ஹேர் டிரையரால் ஐந்தாறு நிமிடம் சூடு காட்டுங்கள். சூட்டில் அது கொஞ்சம் இளகும், அப்போது திருப்புளி முனையால் துண்டு துண்டாகப் பெயர்க்கலாம். அடுப்புச் சூடோ, கேஸ் டார்ச்சோ, கொதிக்கும் தண்ணீரோ வேண்டாம். பீங்கானின் ஓரிடம் மட்டும் சட்டென்று சூடானால் கீறல் விடும்.

அடுத்து வினிகர். சுண்ணாம்பு உப்பையும் பச்சை உப்பையும் அது கரைக்கும். ஆனால் தலைகீழாக இருக்கும் நட்டில் வினிகர் நிற்காதே? பழைய பனியன் துணியை நீளமாகக் கிழித்து வினிகரில் நனைத்து, நட்டுக்கும் மரைக்கும் சேர்த்துச் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் போதும். வினிகர் படும் இடத்தில் நுரை நுரையாகப் பொங்கினால் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். பிறகு துணியை எடுத்துத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, அதன்பின் துரு இளக்கும் ஸ்பிரேயை நட்டின் கீழ் விளிம்பில் மரையோடு சேரும் இடத்தில் அடித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெயை முதலில் அடித்தால் அதன்மேல் வினிகர் ஒட்டாது.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மூடிய குளியலறையில் அதன் புகை நெஞ்சை அடைக்கும், பித்தளையின் மேலுள்ள முலாமும் பாழாகும், மல்லாந்து படுத்திருப்பவர் முகத்தில் ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரும் அங்கே இருந்து கலந்துவிட்டால் குளோரின் வாயு வரும். உயிருக்கே ஆபத்து.

மேலே பிடி, கீழே திருப்பு

மறுநாள் காலை. மேலிருந்து பார்த்தால் கப்ளிங்கின் உள்ளே குறுக்குச் சட்டமோ சல்லடை போன்ற துளைகளோ தெரியும். நடுவில் ஸ்க்ரூ ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். ஊசிமூக்கு பிளையரின் இரண்டு முனைகளையும் எதிரெதிர்த் துளைகளில் இறக்கி, மேலே விரிந்து நிற்கும் இரு கைப்பிடிகளுக்கு நடுவே திருப்புளியைக் குறுக்காக விட்டால் நல்ல பிடிமானம் கிடைக்கும். திருப்புளி பீங்கானைத் தொடும் இடத்தில் மடித்த துணி வையுங்கள். சின்னக் கீறல்கூட பீங்கானில் மறையாது.

மேலே பிடிப்பவர் அசையாமல் பிடித்தால் போதும், திருகக் கூடாது. கீழே நீங்கள் ரிஞ்சை மாட்டி, முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூலளவு அழுத்துங்கள். மரைக்குள் இருக்கும் உப்புத் தகடு அதில் விண்டுவிடும். பிறகு கழற்றும் திசையில் அழுத்துங்கள். வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக அழுத்தம் கொடுத்து, விட்டு, மறுபடி கொடுங்கள். திரும்பத் தொடங்கும்போது 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கால் சுற்று வந்ததும் மறுபடி ஸ்பிரே அடித்து, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டிக் கொண்டுவாருங்கள்.

எனக்கு அந்தச் சத்தம் வரவில்லை. "மாமா, மேலேயும் சேர்ந்து சுத்துது, என்னால பிடிக்க முடியல" என்றான் அக்கா மகன். குறுக்குச் சட்டம் ஒன்று பிளையரின் முனையில் மடங்கிவிட்டிருந்தது. இப்படி ஆனால் நிறுத்திவிடுங்கள். கைப்பிடியில் நீளக் குழாய் சொருகி நெம்புகோலாக்கும் யோசனை இப்போது வரும். அதைச் செய்யாதீர்கள். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையையும் வளைவையும் தாங்காது. ரிஞ்சை நீட்டினால் கிடைக்கும் கூடுதல் பலம் முழுவதும் துளையின் விளிம்பில் போய் விழும். ஐந்தாறு முயற்சியில் அசையவில்லை என்றால் ரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு பிளேடை எடுங்கள்.

நட்டை வெட்டுதல்

சட்டத்தோடு கூடிய ஆக்சா பிரேம் பேசினுக்கு அடியில் நுழையாது. வெறும் பிளேடை எடுத்து ஒரு முனையில் துணியைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், அதுவே கைப்பிடி. பற்கள் கைப்பிடியைப் பார்த்து இருக்கும்படி கட்டுங்கள், அதாவது இழுக்கும்போது வெட்டவேண்டும். வெறும் பிளேடைத் தள்ளினால் வளைந்து ஒடியும், இழுத்தால் நேராக நிற்கும்.

நட்டு பெரிதாக இருந்து, கீழே தொங்கும் குழாய் கைக்கு இடைஞ்சலாக இருந்தால், முதலில் அந்தக் குழாயை நட்டுக்குச் சற்றுக் கீழே குறுக்காக அறுத்து எடுத்துவிடுங்கள். பித்தளைக் குழாயின் சுவர் மெல்லியது, பத்து நிமிடத்தில் வந்துவிடும். அதன்பின் வேலை செய்ய நல்ல இடம் கிடைக்கும்.

நட்டை அறுக்கும்போது கோடு குழாயின் நீளவாக்கில், அதாவது கீழிருந்து மேலாக, லேசான சாய்வில் இருக்கட்டும். குறுக்காக அறுத்தால் பயனில்லை. நட்டின் ஒரு தட்டைப் பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள், அங்கேதான் உலோகம் மெலிவாக இருக்கும். தொடங்கும் முன் ஒரு பழைய தகர டப்பாவிலிருந்து உள்ளங்கையளவு தகடு வெட்டி, நட்டுக்கு மேலே பீங்கானை ஒட்டிச் செருகிவிடுங்கள். பிளேடின் முனை வழுக்கினாலும் தகட்டில்தான் படும்.

நிதானமாக நீள நீளமாக இழுங்கள். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய். பித்தளைத் தூள் மஞ்சளாக உதிரும். நட்டின் சுவர் முடிந்து மரை தெரியத் தொடங்கும்போது தூளின் நிறமும் பிளேடின் சத்தமும் கொஞ்சம் மாறும், ஏனென்றால் நடுவில் உப்பு அடுக்கு ஒன்று இருக்கிறது. அங்கே வெள்ளைத் தூள் கலந்து வந்தால் நட்டை முழுவதும் அறுத்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம். குழாயின் மரையில் கொஞ்சம் ஏறினாலும் கவலையில்லை, அதுவும் குப்பைக்குத்தான்.

இப்போது தட்டைத் திருப்புளியை அந்த வெட்டில் நுழைத்து, சாவியைத் திருப்புவது போல முறுக்குங்கள். அடிக்காதீர்கள், முறுக்குங்கள். அரித்துப் போன பித்தளை என்றால் 'டக்' என்று விண்டு வாய் பிளக்கும். பிளக்காவிட்டால் நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வெட்டு. இரண்டு வெட்டுப் போட்ட நட்டு தாங்காது. எனக்கு முதல் வெட்டுக்கு இருபத்தைந்து நிமிடம், இரண்டாவதற்கு அதைவிடக் குறைவு. இரண்டு பாதியும் சாக்கின்மேல் விழுந்தன.

கையில் சின்ன ரோட்டரி மெஷினும் உலோகம் அறுக்கும் தகடும் இருந்தால் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் தீப்பொறி பறக்கும், துரு இளக்கும் ஸ்பிரே எரியக்கூடியது. முன்னதாக அடித்த ஸ்பிரேயை நன்றாகத் துடைத்துக் காயவிட்டுத்தான் மெஷினைப் போடவேண்டும். பெரிய கிரைண்டரை இந்த இடத்துக்குள் கொண்டுபோவதை நான் ஏற்கமாட்டேன். ஒருமுறை உதறினால் பேசின் போய்விடும்.

பிளாஸ்டிக் கப்ளிங் என்றால் இதெல்லாம் பத்து நிமிடம். நட்டையே பிளேடால் இழைத்துவிடலாம்.

அடியில் இடமே இல்லை என்றால் மேலிருந்து

சில பேசின்களில் நட்டு, பீங்கான் குழிவுக்குள் புதைந்து இருக்கும். கீழிருந்து பிளேடு போகாது. அப்போது மேலிருந்து கப்ளிங்கின் உடலை உள்பக்கமாக அறுக்கலாம். குறுக்குச் சட்டங்களை பிளையரால் ஒடித்து எடுத்துவிட்டு, பிளேடைத் துளைக்குள் செங்குத்தாக இறக்கி, தலை வளையத்திலிருந்து கீழே வரை ஒரு வெட்டு, அதற்கு விரலகலம் தள்ளி இன்னொரு வெட்டு. நடுவில் நிற்கும் பட்டையை பிளையரால் பிடித்து உள்பக்கம் மடக்கினால் குழாய் சுருங்கி, மரையின் பிடி விட்டுவிடும். இதில் கவனம் மிக வேண்டும், குழாயின் சுவரைத் தாண்டினால் பிளேடு பீங்கானைத் தொடும். உலோகம் போய்ப் பீங்கான் வந்துவிட்டால் பிளேடு கண்ணாடியில் உரசுவது போல் கீச்சிடும். அந்த நொடியே நிறுத்திவிடவேண்டும். இரண்டு வழியிலும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கீழிருந்து அறுப்பதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, பேசினையே இறக்கிவிடுவது. சுவரில் மாட்டிய பேசின் என்றால் பின்பக்கம் இரண்டு போல்ட்டுகள்தான் பிடித்திருக்கும். கனெக்ஷன் ஹோஸைக் கழற்றி, சுவரோடு சேரும் வெள்ளை சிமெண்ட் அல்லது சிலிக்கான் கோட்டைக் கத்தியால் கீறி, ஒருவர் அடியில் தாங்கிக்கொள்ள மற்றவர் நட்டுகளைக் கழற்றலாம். இறக்கிய பேசினை மெத்தைமேல் கவிழ்த்து வைத்தால் எல்லாம் கண்ணுக்கு நேராக இருக்கும், அறுப்பதும் எளிது. இடுப்பு வலிக்காரர்களும் வயதானவர்களும் மல்லாந்து படுத்துப் போராடுவதைவிட இது மேல். பீடத்தோடு நிற்கும் பேசினுக்கும் நான் இதையே செய்வேன், ஏனென்றால் பீடத்தை நகர்த்தாமல் கை நுழையாது.

நட்டு வந்தும் கப்ளிங் வரவில்லையா?

அது வெள்ளை சிமெண்ட்டின் வேலை. நட்டு போனபின் கப்ளிங்கைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால், பழைய ஷேவிங் பிளேடையோ மெல்லிய கத்தியையோ தலை வளையத்தின் அடியில் சுற்றிலும் ஓட்டுங்கள். வினிகரில் நனைத்த துணியை வளையத்தைச் சுற்றி வைத்து இரண்டு மணி நேரம் விட்டால் சிமெண்ட் கொஞ்சம் இளகும். திரும்பக் கீறுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகலாம். ஓரிடத்தில் அசைவு வந்துவிட்டால், குழாயை பிளையரால் பிடித்துச் சுழற்றினாலே மீதி விட்டுவிடும். சிமெண்ட்டை உடைக்கச் சுழற்றுங்கள், மேலே தள்ளாதீர்கள். தட்டியே ஆகவேண்டும் என்றால் ஒரு மரத்துண்டை அடியில் வைத்து விரல்முட்டியால் தட்டுகிற அளவுக்குத்தான்.

துளையைச் சுத்தம் செய்து, சோதித்து

கப்ளிங் வெளியே வந்ததும் துளையைச் சுற்றி மேலும் கீழும் மிச்ச சிமெண்ட், ரப்பர், உப்பு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். புது வாஷர் மணல்மேல் உட்கார்ந்தால் திரும்பவும் கசியும். இந்த இடத்தில் சோம்பல் வேண்டாம்.

பேசினில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, விரல்முட்டியால் பல இடங்களில் தட்டுங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். எங்கும் கணீரென்று கேட்டால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால், அங்கே கொஞ்சம் இங்க்கை ஊற்றித் துடைத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் கோடாகத் தெரியும். மேலே உட்காரும் வளையத்தால் மறையும் அளவுக்கு விளிம்பில் சின்னச் சில்லு போயிருந்தால் பரவாயில்லை, கோடு நீண்டு ஓடியிருந்தால் பேசினை மாற்றுங்கள்.

புது கப்ளிங்: கடையில் கேட்கவேண்டிய ஒரே கேள்வி

ஹாஃப் த்ரெட்டா, ஃபுல் த்ரெட்டா என்பதுதான் அது. உங்கள் பேசினின் முன்சுவரிலோ பின்சுவரிலோ தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க ஒரு சின்னத் துளை இருந்தால் ஹாஃப் த்ரெட் வேண்டும். அதன் மேல்பாதியில் மரைக்குப் பதில் துவாரங்கள் இருக்கும், அந்த வழிதல் தண்ணீர் அவற்றின் வழியாக உள்ளே இறங்கும். வழிதல் துளை இல்லாத பேசின் என்றால் ஃபுல் த்ரெட். மாற்றிப் போட்டால் முதல் வகைப் பேசினில் வழிதல் தண்ணீர் போக இடமின்றி அடைத்துக்கொள்ளும், இரண்டாம் வகையில் துவாரம் வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். பழைய கப்ளிங்கின் மிச்சத்தையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், நீளமும் சரியாகக் கிடைக்கும்.

இன்னொன்று. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிறது என்று பலர் சொல்வார்கள். வழிதல் துளையுள்ள பேசினில் தண்ணீர் வாஷரைச் சுற்றி வருவதில்லை, மரையின் சுருள் வழியாகவே இறங்கி நட்டின் அடியில் வந்து சொட்டுகிறது. இறுக்கினால் அது நிற்காது. நட்டு உட்காரும் இடத்தில் மரைமேல் டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினால் நிற்கும். பிற்காலத்தில் கழற்றவும் எளிது.

மாட்டும் வரிசை: தலைக்கு அடியில் ரப்பர் வாஷர், வாஷர் இல்லாத வகை என்றால் மெல்லியதாக ஒரு வளையம் சிலிக்கான். வெள்ளை சிமெண்ட்டைத் தொடாதீர்கள். அடியில் தடித்த ரப்பர் வாஷர், சாய்வான பக்கம் மேலே பீங்கானைப் பார்க்கட்டும். பிறகு நட்டு. கையால் முடிந்தவரை இறுக்கி, ரிஞ்சால் இன்னும் அரைச்சுற்று. அதற்குமேல் வேண்டாம். பிதுங்கிய சிலிக்கானை ஈரத்துணியால் துடைத்து, பாக்கெட்டில் சொன்ன நேரம் காயவிடுங்கள். ட்ராப்பை மாட்டும்போது சுவர்த்துளையில் அடைத்த துணியை எடுக்க மறக்காதீர்கள்.

கடைசியாகச் சோதனை. வடிகாலை மூடி பேசினை வழிதல் துளை வரை நிரப்பி, துளை வழியாகத் தண்ணீர் ஓடும்படி இரண்டு நிமிடம் குழாயைத் திறந்து வையுங்கள். பிறகு மூடியை எடுத்து மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் விடுங்கள். இப்போது காய்ந்த டிஷ்யூ பேப்பர் ஒன்றை நட்டைச் சுற்றிப் பிடியுங்கள், ட்ராப்பின் ஒவ்வொரு இணைப்பிலும் பிடியுங்கள். ஒரு பேப்பரைத் தரையில் விரித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அது மொடமொடப்பாக இருந்தால் வேலை முடிந்தது. எங்கள் மாடிக் குளியலறையில் அன்று காலை பேப்பரின் ஓரத்தில் ஒரு பொட்டு ஈரம் இருந்தது. ட்ராப்பின் பக்க நட்டை இன்னும் கால் சுற்று இறுக்கினேன். மறுநாள் போட்ட பேப்பர் அப்படியே காய்ந்து கிடந்தது.